நேர்த்தி பலித்தால் அது கடவுளுக்கு ஆதாரமா?

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் கோயிலில் திருவிழாக் கொடியேறினால் இந்த வாதமும் தொடங்கிவிடும். "கந்தனிட்டக் கேட்டன், விசா கிடைச்சது, இதைவிட என்ன ஆதாரம் வேணும்?" என்று கனபேர் எழுதுவார்கள். நான் கடவுளை நம்புகிறவன். ஆனாலும் இந்த வாதம் நிற்காது.

விசாவுக்காக நூறு பேர் நேர்ந்ததாக வையுங்கள். நாற்பது பேருக்குக் கிடைத்தால், காவடி எடுக்க வருவது அந்த நாற்பது பேர்தான். மற்ற அறுபது பேரை வீதியில் காணமாட்டோம். நேராமல் விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதையும் ஒருவரும் எண்ணுவதில்லை. அந்த எண் தெரியாமல் நாற்பது கூடவா குறைவா என்று எப்படிச் சொல்வது? பூவைப் பொட்டலமாகக் கட்டி, ஒன்றை எடுத்துக் கடவுளின் விடை கேட்கிற பூக்கட்டிப் பார்ப்பதிலும் இதே பிழைதான். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பொட்டலம் என்றால், கேட்ட பூ வர இரண்டில் ஒரு வாய்ப்பு. மனம் ஆறாமல், ஒவ்வொரு தரமும் கலந்து மூன்று தரம் எடுத்தால், ஒரு தரமாவது அது வருவதற்கு எட்டில் ஏழு வாய்ப்பு. கட்டினவரே எடுத்தால் எது எதென்று அவருக்குத் தெரியும், அந்தக் கணக்கும் நிற்காது.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக வருடக்கணக்காக நேர்ந்து, அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்த தாய்மார் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். கிடைத்த விசா கடவுளுக்குச் சாட்சி என்றால், வராத பிள்ளை எதற்குச் சாட்சி?

எங்கள் பெரியவர்கள் இதைவிடக் கவனமாக இருந்தார்கள். சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரை அளவையோடுதான், அதாவது ஒன்றை அறியும் வழிகளோடுதான், தொடங்குகிறார்: காட்சி (நேரே அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நூல்வாக்கால் அறிவது). ஐயமும் திரிவும் (ஒன்றை வேறொன்றாக அறிவதும்) நீங்கினால்தான் அது காட்சி. அதையும் வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காகப் பிரிக்கிறார். செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தீபம் காட்டும்போது நெஞ்சு இளகிக் கண்ணீர் வருகிறதே, அந்த உருக்கத்தை உள்ளே அறிவது தன்வேதனைக்காட்சி. அது வந்தது பொய் என்று எந்தப் பகுத்தறிவாளரும் சொல்லமுடியாது. ஆனால் "இதைத் தந்தவன் முருகன்" என்ற அடுத்த வசனம் காட்சி இல்லை, கருதல். அதற்கு ஏது, அதாவது காரணம், காட்டவேண்டும். கூட்டமும் மேளமும் கற்பூர வாசமும் சேர்ந்தே அந்த உருக்கத்தைத் தரும் என்று ஒருவர் சொன்னால், அதையும் எடுத்துப் பார்த்துத்தான் பதில் சொல்லவேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள், இரண்டு பக்கத்தாரும்.

ஏது வேண்டுமென்றால் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் முதற் சூத்திரத்துக்குப் போங்கள். உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. அது சடம், அறிவற்றது, தானாக இயங்காது. ஆகவே ஒடுக்கி மீளத் தோற்றுவிக்கும் முதல்வன் ஒருவன் வேண்டும். இதில், கடவுளை ஏற்காத உலகாயதன் கைவைக்கும் இடம் முதல் அடிதான்: ஒவ்வொரு பொருளும் தோன்றி அழிவதைக் கண்டோம், முழு உலகமும் அப்படி என்று யார் கண்டது? உறுப்புகளுக்கு உள்ளது முழுமைக்கும் உண்டு என்பது சைவ சித்தாந்தத்தின் பதில். எனக்கு அது நியாயமாகப் படுகிறது, ஆனால் மறுக்கவே முடியாத முடிவாகப் படவில்லை. மீதி இடைவெளியை நான் உரையை, அதாவது ஆகமத்தையும் திருமுறையையும், நம்பித்தான் கடக்கிறேன். கீழே வாதாட வருகிறவர்கள் விசாவை விட்டுவிட்டு இந்த உறுப்பு–முழுமைக் கேள்வியில் தொடங்குங்கள்.