எது பிழைப்பு?

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் மறுபடியும் அதே பேச்சு. அக்கா மகன் முதுகில் 7 என்று எழுதிய மஞ்சள் பனியனோடு வந்து உட்கார்ந்தான். சவுதியின் தமாமிலிருந்து அவன் அப்பா அனுப்பியது. ரொனால்டோ ஏன் சவுதிக்குப் போனார் என்று நான் ஆரம்பித்ததும், பெரியப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே முடித்துவைத்தார்: “அவரவர் பிழைப்பு அவரவருக்கு. நாம் யார் சொல்ல?”

அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எது பிழைப்பு? அத்தான் பதினான்கு ஆண்டுகளாக அங்கே சென்ட்ரிங் வேலை பார்க்கிறாரே, அது பிழைப்பு. பாஸ்போர்ட் கம்பெனியின் கையில். இக்காமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, புதுப்பிப்பது தள்ளிப்போனால் தெருவில் நடக்கவே பயம். அவருடைய அம்மா இறந்தபோது, ஊர் வர அனுமதி கிடைக்கவே ஆறு நாள் ஆயிற்று. கொள்ளி வைத்தது அவர் தம்பி. வந்து சேர்ந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், பெட்டியைக் கீழே வைக்காமல், வாசலிலேயே நின்றார். அந்த மனிதர் அங்கே வாயைத் திறக்காமல் இருப்பதைப் பிழைப்பு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். மூன்று பிள்ளைகளின் படிப்பு அதில் இருக்கிறது.

ரொனால்டோவுக்கு என்ன இருந்தது? கால்பந்தில் நூறு கோடி டாலர் சம்பாதித்த முதல் ஆட்டக்காரர் என்று 2020லேயே ஃபோர்ப்ஸ் எழுதிவிட்டது. 2022 டிசம்பரில் சவுதியின் அல் நஸ்ர் அணியில் சேர்ந்தபோது ஆண்டுக்கு 20 கோடி யூரோ என்று பத்திரிகைகள் சொல்லின. அதே ஆண்டு மார்ச்சில் ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனையை நிறைவேற்றியிருந்தது அந்த நாடு. அவர் போகாமல் இருந்திருந்தால் எந்த வீட்டில் அடுப்பு அணைந்திருக்கும்?

ஆட்டக்காரரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. அரசுகளும் இதே சொல்லைத்தான் சொல்கின்றன. அவர்கள் வாயில் அது ‘தேசநலன்’ என்று வரும், அவ்வளவுதான்.

2018 அக்டோபர் 2. சவுதி அரசை விமர்சித்து எழுதிவந்த சவுதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி, திருமணத்துக்கு வேண்டிய ஒரு சான்றிதழுக்காக இஸ்தான்புல் சவுதி துணைத் தூதரகத்துக்குள் போனார். போகும் முன் தன் கைப்பேசிகளை, மணக்கவிருந்த ஹதீஜே ஜெங்கிஸிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் நள்ளிரவு வரை வாசலில் காத்திருந்தார். உள்ளே கஷோகியைக் கொன்றுவிட்டார்கள்.

துருக்கி அப்போது எப்படிக் கொதித்தது! 26 பேர் மீது வழக்கு நடத்தியது. பிறகு அந்நாட்டுப் பணமான லிரா சரிந்தது, 2022 மார்ச்சில் பணவீக்கம் 60 சதவீதத்தைத் தாண்டியது. ஏப்ரலில் அந்த வழக்கையே தூக்கிச் சவுதியிடம் கொடுத்துவிட்டது துருக்கி நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவனின் வீட்டுக்கே வழக்குக் கட்டை அனுப்பிவைப்பது எந்த ஊர் நீதி? அந்த மாதம் முடிவதற்குள் துருக்கி அதிபர் எர்டோகன் சவுதியின் ஜெத்தாவில் இறங்கினார்.

அமெரிக்கா இன்னும் மோசம். சவுதியை உலகம் ஒதுக்கிவைக்கும்படி செய்வேன் என்று 2019 தேர்தல் மேடையில் பேசியவர் பைடன். சவுதிப் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானின் ஒப்புதலோடுதான் கஷோகி கொலை நடந்தது என்று 2021இல் அவருடைய உளவுத்துறையே மதிப்பீட்டை வெளியிட்டது. உக்ரைன் போரில் கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியதும், 2022 ஜூலையில் அதே இளவரசரோடு முஷ்டியை முட்டிக்கொண்டு நின்றார்.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவைப் பற்றி என்ன சொல்ல. 2034 உலகக் கோப்பைக்குப் போட்டியே இல்லை, சவுதிக்குக் கைதட்டிக் கொடுத்தார்கள்.

2025 நவம்பரில் வெள்ளை மாளிகையில் விருந்து. பகலில் ஒரு நிருபர் கஷோகியைப் பற்றிக் கேட்டதற்கு, அதெல்லாம் நடப்பதுதான் என்று தட்டிவிட்டார் டிரம்ப். பக்கத்தில் இளவரசர், கையில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி டாலர் முதலீட்டு வாக்குறுதி. இரவு விருந்தில் ரொனால்டோ. எண்ணெய், முதலீடு, பந்து எல்லாம் ஒரே பந்தியில்.

பெரியப்பா, அத்தான் வாய்மூடி நிற்பதும் இவர்கள் வாய்மூடி நிற்பதும் ஒன்று என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அவர் பேசினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். இவர்கள் பேசியிருந்தால் யார் என்ன செய்திருக்க முடியும்? கஷோகியின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஹதீஜேவிடம் போய் இது அவரவர் பிழைப்பு என்று உங்களால் சொல்ல முடியுமா?