பதிவு செய்தால் ஐடியா பாதுகாப்பா?

"ஒன்லைனை (படக் கதையின் சுருக்கத்தை) திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிந்துவிட்டால் ஐடியாவை யாரும் தொட முடியாது" என்று சொல்வது தவறு. அதை நம்பிக் கதை சொல்லப் போகாதீர்கள். பதிப்புரிமை கருவுக்குக் கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். தன் நாடகத்தைக் காப்பியடித்துப் படமெடுத்துவிட்டார்கள் என்று நாடக ஆசிரியர் ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில், 1978இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பதிவு என்பது அந்தத் தேதியில் அது உங்களிடம் இருந்தது என்பதற்குச் சான்று, அவ்வளவே. அரைப்பக்கம் பதிந்தால் அரைப்பக்கத்துக்குத்தான் சான்று. காட்சி வாரியாக, வசனத்தோடு முழுத் திரைக்கதையைப் பதியுங்கள். கதை சொன்ன அன்றே தயாரிப்பாளருக்கு மெயிலும் போட்டுவிடுங்கள்.

பெரிய ஆபத்து ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. "எல்லா உரிமைகளும், நிரந்தரமாக" என்ற வரியை அடிக்கச் சொல்லுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டுதான். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதி நீங்கள் கையெழுத்துப் போடாதவரை.