தகடு அல்ல, சுவரும் காற்றும்

நம் ரீயூனியன் தீவின் சென் பியேர் நகரில், பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள எனர்போஸ் கட்டடத்தைக் காட்டி, "கூரை முழுக்கச் சூரிய மின்தகடு பதித்தால் போதும், எத்தனை ஏசி வேண்டுமானாலும் ஓடலாம்" என்று தம்பி ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். தம்பி, இது தவறு. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இதை நம்பிவிடக் கூடாது.

ரீயூனியன் பல்கலைக்கழகம் 2008இல் முடித்த அந்தக் கட்டடம், தான் செலவழிப்பதைவிட அதிக மின்சாரம் தருவது உண்மைதான். ஆனால் அதன் மின்செலவு, இத்தீவின் வழக்கமான பல்கலைக்கழகக் கட்டடங்கள் எடுப்பதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அதைக் குறைத்தது தகடு அல்ல, வடிவமைப்பு. நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. எதிரெதிர்ச் சன்னல்கள் வழியே காற்று குறுக்கே ஓடுகிறது. வெளியே வரிசையாகப் பொருத்திய மரச் சட்டங்கள் வெயிலை மறைக்கின்றன. உள்ளே கூரை விசிறி. காற்று உடலில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பட்டாலே வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருக்கும்.

நம் தீவு தென்கோளத்தில் இருப்பதால் மார்கழி இங்கே கொளுத்தும் கோடை. என் வீட்டு மேற்குச் சுவரில் மாலை ஆறு மணிக்குக் கை வைத்தால் தோசைக்கல்போலச் சுடுகிறது. சாய்ந்து வரும் அந்த வெயிலைக் கூரை நீட்டம் தடுக்காது. நாலு பக்கமும் திறந்த நம் கோயில் மண்டபத்தில் அதே நேரம் நிம்மதியாக உட்காரலாம்.

கணினி அறைகளுக்கு ஏசி தேவைதான். எனர்போஸிலும் உண்டு. அதைக் கட்டடம் முழுக்கப் பரப்பாமல் சில அறைகளோடு நிறுத்தியதால்தான் கணக்கு நேரானது.