ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கூடம்

“தொழிலையும் பார்த்துக்கிட்டு பிள்ளைகளையும் எப்படித்தான் வளர்க்கிறியோ” என்று கேட்கிறவர்களின் பிரியம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பாராட்டை அப்படியே வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. பாம்பனில் கருவாட்டுத் தொழில் செய்கிறேன். மகள் ஐந்தாவது படிக்கிறாள், மகன் அங்கன்வாடிக்குப் போகிறான். விடிகாலையில் அவர்களைப் பார்த்துக்கொள்ள என் மாமியார் இருக்கிறார். அதனால்தான் தொழில் நடக்கிறது. என்னைவிடக் கணக்கும் கைவேகமும் உள்ள பெண்கள், அப்படி ஓர் ஆள் வீட்டில் இல்லாத ஒரே காரணத்தால் தொழிலை விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தொழிலின் நேரம் அப்படி. விசைப்படகுகள் கரை திரும்புவது விடியலில். ஏலத்தில் நாமே நின்றால்தான் கட்டுப்படியாகும் விலைக்கு மீன் கிடைக்கும். வாங்கியதைப் போட்டு வைக்கவும் முடியாது. பெரிய மீன் என்றால் வகிர்ந்து, குடல் எடுத்து, கழுவி, உப்புப் பிடிக்கத் தொட்டியில் அடுக்க வேண்டும். நெத்திலியையும் காரலையும் அன்றைய வெயிலிலேயே காயப் போட்டாக வேண்டும். அப்புறம் புரட்டிப் போட வேண்டும், காக்கை நாய் பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண் பறந்து ஒட்டாமல் வலை கட்ட வேண்டும். அங்கன்வாடி திறக்கும்போது எங்களுக்கு அன்றைய வேலையில் பாதி முடிந்திருக்கும்.

வருடக் கணக்கும் இப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக் கோடை விடுமுறையும் ஏறக்குறைய அப்போதுதான். பிள்ளைகளோடு நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடக் கிடைக்கும் மாதங்கள் அவை, ஆனால் கையில் காசு இருக்காது. தடை முடிந்து முதல் மீன் வந்து, அது காய்ந்து, விற்று, பணம் கைக்கு வருவதற்குள் பள்ளி திறந்துவிடும். நோட்டு, பை, செருப்பு எல்லாம் அந்தக் காசில்லாத வாரத்தில்தான் வாங்கியாக வேண்டும். அதேபோல வடகிழக்குப் பருவமழையும் அரையாண்டுத் தேர்வும் ஒன்றாக வரும். மேகம் கறுத்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, மகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பதா? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான்.

பள்ளிச் சீருடையை மட்டும் எந்த அவசரத்திலும் முற்றத்தில் உலர்த்த மாட்டேன். காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு, கருவாட்டு வாடை எட்டாத பக்கமாகக் கொடி கட்டுவேன். மழை நாளில் வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில். இந்தத் தொழிலை எண்ணி எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை மூக்கைப் பொத்தினால் அது என் மகள் மனதில் எத்தனை வருடம் நிற்கும் என்று தெரியும்.

அவளை எடைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துச் சிட்டை எழுதச் சொல்வேன். எத்தனை கிலோ, என்ன விலை, யார் பாக்கி என்று அழகாக எழுதுகிறாள். கத்தியையும் உப்புத் தொட்டியையும் தொட விடுவதில்லை. ஆபத்தில்லாத குடும்பத் தொழில் என்றால், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் பிள்ளைகள் உதவலாம் என்று 2016 சட்டத்திருத்தம் சொல்கிறது. சொல்லட்டும். முள் கீறிய விரலில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கை அவளுக்கு வேண்டாம்.

வீட்டுக்காரர் கடலுக்குப் போகாத நாட்களில் சின்னவனைக் குளிப்பாட்டி, தலைசீவி, அங்கன்வாடியில் விட்டு வருவார். தெருவில் முதலில் பேசினார்கள், இப்போது யாரும் பேசுவதில்லை. படகு கரை சேரும் காலையில் அவரும் மீன் இறக்கிக்கொண்டிருப்பார், நானும் ஏலத்தில் நிற்பேன். அந்த நேரத்துக்குத்தான் ஆள் வேண்டும்.

பெண்கள் தொழில் தொடங்கக் கடன் இருக்கிறது. மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் அடமானம் இல்லாமல் 50,000 ரூபாய் வரை தருகிறார்கள், மகளிர் குழுக் கடனும் உண்டு. நல்ல விஷயம், எங்கள் தெருவில் பலரும் அப்படித்தான் எழுந்தார்கள். ஆனால் அந்த விண்ணப்பங்களில், காலை ஐந்து மணிக்கு உன் பிள்ளை எங்கே இருக்கும் என்று ஒரு கேள்வி கிடையாது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சட்டம் 26 வாரம் வரை சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு தருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்கிறது. சொந்தத் தொழில் செய்கிறவளுக்கு இதில் எதுவும் கிடையாது. நான்தான் முதலாளி, நான்தான் கூலியாள். எனக்கு யார் விடுப்பு தருவது?

அரசு நினைத்தால் முடியும் என்பதற்குக் காலை உணவுத் திட்டமே சாட்சி. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதைப் பிள்ளைகளின் பசிக்கான திட்டமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். எங்களுக்கோ அது பரபரப்பான காலையில் அடுப்படி நேரத்தை மிச்சமாக்கியது. மகள் பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டிருப்பாள் என்ற தைரியத்தில் கையில் இருக்கும் மீனை முடிக்கிறேன்.

கடற்கரையில் ஏலக்கூடம் கட்டுகிறார்கள், வலை பின்னும் கூடம் கட்டுகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே பிள்ளைகளுக்கு ஓர் அறை, காவலுக்கு இரண்டு பெண்கள், தண்ணீர், கழிப்பறை, தூளி கட்ட உத்தரம். படகு வரும் நேரத்துக்குத் திறக்க வேண்டும். 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் அமைக்க மத்திய அரசின் பால்னா திட்டம் இருக்கிறது. அதை ஒன்பது மணிக்குத் திறந்தால் எங்கள் கரைக்குப் பயன்படாது. நீர்வற்றம் பார்த்துக் கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமாருக்கும் இதே பாடுதான்.

மே 1 கிராம சபை தடைக்காலத்துக்குள் வருகிறது. விசைப்படகும் இல்லை, அந்த ஏலமும் இல்லை, பெரும்பாலும் ஊரில்தான் இருப்போம். ஊராட்சிகளில் இருக்கும் கருவாட்டுக்காரப் பெண்கள், பாசி எடுக்கும் பெண்கள், ஏலத்தில் மீன் எடுத்து ஊருக்குள் விற்கும் பெண்கள் எல்லோரும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். காப்பகம் வேண்டும், அது காலை ஐந்து மணிக்குத் திறக்க வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுவோம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.