தூங்கும் மலை இத்துப்போகும்

எரிமலைப் படம் ஒன்றைப் பகிர்ந்த நண்பர் ஒருவர், "நல்லவேளை, இது தூங்கும் எரிமலையாம்" என்று எழுதியிருந்தார். அந்த 'நல்லவேளை'தான் எனக்கு இடிக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

என் பிழைப்பு கல்லையும் கான்கிரீட்டையும் நசுக்கிப் பார்ப்பது. 15 செ.மீ. கியூப் வார்த்து, 28 நாள் தண்ணீரில் போட்டு, மெஷினில் வைத்து அழுத்துவோம். எம்-20 என்ற ரகக் கான்கிரீட் என்றால் ஒரு கியூப் சுமார் 46 டன் தாங்க வேண்டும். நல்ல கருங்கல் அதைப்போல ஐந்து மடங்குக்கு மேலும் தாங்கும். எரிமலைக் கல்லிலும் துளை குறைந்த, கெட்டியான ஆண்டிசைட் கருங்கல்லுக்குச் சளைத்ததில்லை. ஆனால் அதே மலையில் கொஞ்சம் தள்ளி எடுத்த கல் விரலால் நசுக்கினாலே மாவாகலாம். பார்க்க இரண்டும் ஒரே மலைதான்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அடியில் இருக்கும் பாறைக்குழம்பிலிருந்து கந்தக வாயுக்கள் கசிந்து மேலேறி, நிலத்தடி நீரில் கலந்து அமிலமாகின்றன. சுடுகிற அந்த அமிலத் தண்ணீர் விரிசல்களுக்குள் புகுந்து, கல்லிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை மெல்ல மெல்லக் களிமண்ணாக்கிவிடும். வெளியே மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். களிமண் தண்ணீரை எளிதில் வெளியே விடாது. உள்ளே நீரின் அழுத்தம் ஏற ஏற, பாறைத் துண்டுகள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் பிடி தளரும். சில இடங்களில் சிலிக்கா படிந்து கல் முன்பைவிடக் கெட்டியாவதும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பெரும்பாலும் நடப்பது போர் போடுகிறவர்கள் சொல்வார்களே, 'இத்துப்போன பாறை', அதுதான். இதற்கு மலை வெடிக்க வேண்டிய அவசியமே இல்லை. 'தூங்குகிறது' என்று நாம் நிம்மதியாக இருக்கும் காலத்தில்தான் இந்த வேலை நடக்கிறது.

நிகரகுவாவில் கசீட்டா என்றொரு எரிமலை. 1998 அக்டோபர் 30 அன்று மிட்ச் சூறாவளியின் மழை நாள்கணக்காகக் கொட்டிக்கொண்டிருந்தது. மலை வெடிக்கவில்லை, புகையவில்லை, குழம்பு கக்கவில்லை. உச்சிக்குப் பக்கத்தில், ஏற்கனவே வெந்நீரில் ஊறிக் களிமண்ணாகியிருந்த சரிவில் ஒரு துண்டு பெயர்ந்தது. மலையின் அளவுக்கு அது ஒரு சில்லு. இறங்க இறங்க வழியிலிருந்த மண்ணையும் தண்ணீரையும் வாரிக்கொண்டு சேற்று வெள்ளமாகப் பெருத்துவிட்டது. ஹெலிகாப்டர் வருவதைப் போலச் சத்தம் கேட்டதாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். அடிவாரத்திலிருந்த எல் போர்வெனிர், ரொலாண்டோ ரொட்ரிகஸ் என்ற இரண்டு ஊர்களும் சில நிமிடங்களில் இல்லாமல் போயின. செத்தவர்கள் 2,000 பேருக்கு மேல். மீட்க வருகிறார்கள் என்று நினைத்து வெளியே வந்து வானத்தைப் பார்த்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். என்னால் அந்தச் சத்தத்தைத் தாண்டி வர முடியவில்லை.

'எப்போது வெடிக்கும்' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் கசீட்டாவுக்குப் பதில் கிடைத்திருக்காது.

வெடித்த மலைகளிலும் கதை பல நேரம் இப்படித்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸை எல்லோரும் 'வெடித்த மலை' என்கிறோம். 1980 மே 18 காலையில் முதலில் நடந்தது நிலச்சரிவு. பாறைக்குழம்பு உள்ளே முட்டி முட்டி, வடக்குச் சரிவு நாளுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் என்று வாரக்கணக்காக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. 5.1 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்ததும் அந்தப் பக்கம் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. மேலிருந்த பாரம் போனதும்தான் உள்ளே அடைபட்டது பக்கவாட்டில் வெடித்தது. ஜப்பானின் பண்டாய் மலை 1888-இல் நீராவி வெடிப்பில் சரிந்தபோது புதுப் பாறைக்குழம்பே வரவில்லை. 470-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இந்தோனேசியாவின் அனக் கிரகடாவ் வேறு ரகம். அங்கே கல் இத்துப்போனது என்பதைவிட, சேர்ந்த விதமே பலவீனம்: கடலுக்குள், செங்குத்தான விளிம்பில், 90 ஆண்டுகளாகச் சாம்பலும் கசடும் குவிந்து எழுந்த மலை. 2018 டிசம்பர் 22 இரவு அதன் ஒரு பக்கம் கடலில் விழுந்து, 338 மீட்டர் இருந்தது ஏறக்குறைய 110 மீட்டரானது. சுனாமி எச்சரிக்கை அமைப்போ பெரிய நிலநடுக்கத்துக்காகக் காத்திருந்தது. அது வரவே இல்லை, அலைதான் வந்தது. 400 பேருக்கு மேல் போனார்கள்.

சரி, கல்லைச் சோதித்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். இங்கே என் தொழிலின் குட்டு ஒன்றை உடைக்கிறேன். பாலத்துக்கு அடித்தளம் பார்க்கப் பாறையைத் துளைத்து எடுத்தால், துளைத்தெடுத்த கல்லை வரிசையாக அடுக்கும் கோர் பெட்டியில் நீளத் துண்டுகளும் இருக்கும், சில்லுகளும் இருக்கும், சில இடங்களில் வெறும் காலி இடமும் இருக்கும். மெஷினில் வைத்து நசுக்க நீளத் துண்டுதான் வேண்டும். ஆக ரிப்போர்ட்டில் ஏறும் எண் நல்ல கல்லின் எண். பொடியானதையும் காலியானதையும் யாரும் நசுக்கிப் பார்க்க முடியாது. மலையோ நிற்பதும் விழுவதும் அந்தப் பொடியாலும் காலியாலும்தான். அதனால்தான் 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று தனியாக எழுதுவோம். எரிமலைக் கல்லின் வலிமை என்று ஒற்றை எண்ணை யாராவது நீட்டினால், பெட்டியைக் காட்டுங்கள் என்றுதான் கேட்பேன்.

துளைக்காமலும் வழி உண்டு. களிமண்ணான பாறை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், காந்தத்தன்மையை இழந்திருக்கும். அமெரிக்காவின் ரெய்னியர் மலையைச் சுற்றி ஹெலிகாப்டரில் கருவி கட்டிப் பறந்து இதை அளந்தார்கள். இத்துப்போன பாறை மேற்குச் சரிவின் மேற்பகுதியில்தான் அதிகம் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்தது. இந்த மாதிரி அளவீட்டுக்கு, அடிவாரத்தில் ஊர் இருக்கும் ஒவ்வொரு 'தூங்கும்' மலைக்கும் காசு ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. நில அதிர்வுக் கருவி வைத்துவிட்டோம், போதும் என்பது பாதி வேலை.

ரெய்னியரின் அந்த மேற்குச் சரிவிலிருந்து சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் ஒரு சேற்று வெள்ளம் இறங்கியிருக்கிறது. அதோடு சேர்ந்த வெடிப்புக்குத் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தச் சேற்றின் மேல்தான் இன்று ஓர்ட்டிங் என்ற ஊர் இருக்கிறது. அங்கே வீடு கட்டத் தோண்டியபோது, அன்று புதைந்த காட்டின் மரக்கட்டைகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன.