அப்டேட் செய்யவா வேண்டாமா என்று என்னைக் கேட்டால்?

இன்று காலையிலும் எக்செல் ஃபைலைத் திறந்ததும் அதே பெட்டி. இந்த ஃபைலில் வேறு ஃபைல்களுக்கு லிங்க் இருக்கிறது, பாதுகாப்பில்லாமல் இருக்கலாம், அப்டேட் செய்யவா வேண்டாமா? எந்த ஃபைல், எந்த செல், கடைசியாக எப்போது எடுத்தது, ஒன்றையும் சொல்லாது. ஆனால் முடிவு மட்டும் நான் எடுக்க வேண்டும். அப்டேட் கொடுத்தால் சிலவற்றை அப்டேட் செய்ய முடியவில்லை என்று கையை விரிக்கும். வேண்டாம் என்றாலோ போன மாத நம்பரை இந்த மாத நம்பர் போலவே காட்டிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கும். எக்செல்லே, நீ கத்தினால்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த அமைதிதான் ஆகாது.

நேற்று நடந்ததைக் கேளுங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்கு, பார்க்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், டையிங் ரேட், அதாவது துணிக்குச் சாயம் போடும் கூலி, தனி ஃபைலில் இருக்கும். ஒயிட், லைட், மீடியம், டார்க் என்று வரிசையாக, கீழே போகப் போக ரேட் ஏறும். எல்லா டிசைனின் காஸ்டிங் ஷீட்டும் ரேட்டை லிங்க் வழியாக அங்கிருந்துதான் எடுக்கும். பர்ச்சேஸில் ஒரு தம்பி, நல்ல பையன்தான், அந்த ஃபைலைத் திறந்து ஒயிட்டுக்குக் கீழே ஹாஃப் ஒயிட் என்று ஒரு ரோவைச் செருகி, சேவ் செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

அவ்வளவுதான். என் ஷீட்டும் அதே கம்ப்யூட்டரில் கூடவே திறந்திருந்தால் ஃபார்முலா தானாக ஒரு ரோ நகர்ந்திருக்கும். மூடிக் கிடக்கும் ஃபைலுக்கு யார் போய்ச் சொல்வது? அது பாட்டுக்குப் பழைய ரோவையே பார்த்துக்கொண்டிருக்க, டார்க் இருந்த ரோவில் இப்போது மீடியம் வந்து உட்கார்ந்திருக்கிறது. நேவி ப்ளூ டி-ஷர்ட்டுக்கு மீடியம் ஷேட் ரேட். மீடியத்துக்கு லைட் ரேட். லைட்டுக்கு ஹாஃப் ஒயிட். எல்லாமே ஒழுங்காக, வரிசை தப்பாமல், தப்பு! எரர் இல்லை, சிவப்பு இல்லை, ரெஃப் என்று ஒரு முனகல்கூட இல்லை. சாருக்கோ காஸ்ட் குறைந்துவிட்டதில் ஏக சந்தோஷம், "பரவால்லீங்களே" என்று வேறு பாராட்டினார். பையருக்கு மெயில் போகப்போகிற நேரத்தில் மெர்ச்சண்டைசர் அக்காதான், "நேவிக்கு இந்த ரேட்டுல எந்த டையிங்காரன் போட்டுத் தருவான்?" என்று கேட்டார். அவர் கேட்காமல் விட்டிருந்தால்?

தம்பியிடம் போனால், "ஒரே ஒரு ரோ தானுங்கண்ணா போட்டேன்" என்கிறான். ஆமாம் கண்ணு, ஒரே ஒரு ரோதான்.

ரேட் ஃபைலில் அந்தந்த செல்லுக்கு ஒரு பெயர் வையுங்கள், லிங்க் அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளட்டும், நூறு ரோ செருகினாலும் ஒன்றும் ஆகாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். யார் கேட்கிறார்கள்? சாரின் தீர்ப்பு வேறு: "லிங்க்கே வேண்டாமுங்க, எல்லாத்தையும் கட் பண்ணிருங்க."

சரி, பண்ணினேன். பிரேக் லிங்க் அழுத்தினால் ஃபார்முலா எல்லாம் வெறும் நம்பராக உறைந்துவிடும், அன்டூ கிடையாது. அது தெரிந்து காப்பி எடுத்து வைத்துத்தான் அழுத்தினேன். சேவ் செய்து, மூடி, திறந்தேன். பெட்டி! லிங்க் இருக்கிறதாம், அப்டேட் செய்யவாம். வீட்டைக் காலி செய்தவனுக்கே வந்துகொண்டிருக்கும் கரண்ட் பில் மாதிரி. கண்ட்ரோல் எஃப் போட்டுச் சதுர அடைப்புக்குறியைத் தேடினால் செல்லில் இருக்கும் ஃபார்முலா மட்டும்தான் சிக்கும். நேம் மேனேஜரைப் பார்த்தேன், கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கைக் கிளறினேன், சார்ட் சார்ட்டாகக் கிளிக் செய்தேன். கடைசியில் எங்கே ஒளிந்திருந்தது தெரியுமா? ஷேட் தேர்ந்தெடுக்கும் டிராப்டவுன் லிஸ்ட்டில். அது சுட்டுவது வேலையை விட்டு எப்போதோ போய்விட்ட ஒருவருடைய டெஸ்க்டாப்பை. அந்த ஃபைலின் பெயர் "ஃபைனல் நியூ ஃபைனல்". சிரித்துவிட்டேன், பக்கத்து சீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இதில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. பெட்டி தொந்தரவாக இருக்கிறதென்று, "எச்சரிக்கையும் வேண்டாம், அப்டேட்டும் வேண்டாம்" என்று செட்டிங்கில் மாற்றி வைத்துவிடும். ஷீட் நிம்மதியாகத் திறக்கும். உள்ளே இருப்பது எந்தக் காலத்து ரேட் என்று அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

எல்லாம் முடித்து ராத்திரி கீழே இறங்கி வந்தால், என் வண்டிக்குக் குறுக்கே ஒரு புல்லட். ஹேண்டில் லாக் வேறு. ஐயா, அடுத்தவன் வண்டியை மறித்து நிறுத்துவது என்று முடிவு செய்துவிட்டீர்கள், சரி, அந்த லாக்கையாவது போடாமல் போகக்கூடாதா? தள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக மாட்டோமா!