படத்தைப் படமா மட்டும் பார்க்கணுமாம்

ஞாயித்துக்கிழமை நம்ம சினிமா க்ரூப்ல நடந்த கூத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீங்க. மறுபடி ஸ்க்ரீன்ஷாட் போட்டுக் கிளற எனக்குத் தெம்பில்லை. 'தி ஹங்கர் கேம்ஸ்' பத்தி நான் எழுதினதைத் தூக்கிட்டாங்க. சொன்ன காரணம்: "அரசியல் வேண்டாம் மேடம், படத்தைப் படமா மட்டும் பாருங்க."

சரிங்க, படமாவே பார்ப்போம். ஒரு தலைநகரம், அதுக்கு அடங்கின 12 மாவட்டம். என்னைக்கோ எதிர்த்து நின்னதுக்குத் தண்டனையா, மாவட்டத்துக்கு ஒரு பையன் ஒரு பொண்ணுன்னு வருஷாவருஷம் 24 பிள்ளைகளை அனுப்பணும். அதுங்க ஒண்ணை ஒண்ணு கொன்னு கடைசியில ஒண்ணு மிஞ்சணும். அதை மொத்த நாடும் டிவியில உட்கார்ந்து பார்த்தாகணும். இதுல அரசியலை எடுத்துட்டு நான் எதை எழுதுறது? ஜெனிஃபர் லாரன்ஸ் ஜடை அழகுன்னு எழுதியிருந்தா ஹார்ட் விட்டிருப்பீங்க, தெரியும்.

நான் எழுதினது ஒரே ஒரு காட்சியைத்தான். 2013ல வந்த இரண்டாம் பாகம். அந்த விளையாட்டுல செத்துப்போன சின்னப்பொண்ணு ரூவோட ஊருக்குக் கதாநாயகி காட்னிஸ் போறா. எழுதிக் கொடுத்ததை விட்டுட்டு மனசுல இருந்து பேசிடுறா. கூட்டத்துல ஒரு கிழவர் ரூவோட மெட்டை விசிலடிச்சு மூணு விரலைத் தூக்குறார். கூட்டமே தூக்குது. கோஷம் இல்லை, கல் இல்லை. அவரை மேடைக்கு இழுத்துட்டு வந்து, முட்டி போட வச்சு, சுடுறாங்க. இதுல எந்த இடத்துல நான் அரசியலைக் 'கொண்டு வந்தேன்'?

இன்னொண்ணு. படத்தைப் படமா மட்டும் பார்க்காதவங்க யார் தெரியுமா? தாய்லாந்து ராணுவம். 2014 மே மாசம் ராணுவத் தளபதி பிரயுத் சான் ஓ சா ஆட்சியைப் பிடிச்சார். ஜனங்க இந்த மூணு விரலைத் தூக்க ஆரம்பிச்சதும், தூக்கினா கைதுன்னு எச்சரிக்கை வந்துச்சு. நவம்பர்ல கோன் கேன்ங்கற ஊர்ல பிரயுத் பேசிக்கிட்டு இருக்கும்போது அஞ்சு மாணவர்கள் முன்னாடி எழுந்து நின்னு விரலைத் தூக்கினாங்க. பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. மறுநாள் மூணாவது படம் ரிலீஸ். பாங்காக்ல ஒரு தியேட்டர் நிறுவனம் காட்சியையே ரத்து பண்ணிடுச்சு. அதே 2014ல அங்கே சர்வாதிகாரத்தைப் பத்தின ஆர்வெல்லோட '1984' நாவலைப் பொது இடத்துல படிக்கிறது, சாண்ட்விச் சாப்பிடுறது எல்லாமே போராட்டம் ஆகியிருந்துச்சு. சாண்ட்விச்சுங்க! ரொட்டியை ரொட்டியா மட்டும் பாருங்கன்னு சொல்ல நம்ம அட்மின் அங்கே இல்லாம போயிட்டார்.

இந்தப் படம் எதைப் பத்தினதுன்னு ஒரு ராணுவ ஜெனரலுக்குப் புரிஞ்சிருக்கு. உலக சினிமா பேசுற நமக்குப் புரியலை. இதைத்தான் சொன்னேன். இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்றேன்.

எங்க ஹாஸ்டல்ல ஒரு ராத்திரி சாம்பார்ல புழு. சாதாரணமா கத்துவோம், வார்டன் மேடம் திருப்பிக் கத்துவாங்க, முடிஞ்சிடும். அன்னைக்கு யாரோ ஒருத்தி பேசாம தட்டைக் கவுத்து வச்சா. பக்கத்துல இருந்தவ கவுத்தா. அப்படியே வரிசையா மெஸ் முழுக்க. ஒருத்தரும் வாயைத் திறக்கலை. வார்டன் மேடத்துக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. புழுவைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. "முதல்ல கவுத்தது யாரு?" அது மட்டும்தான். என் ரூம்மேட்டைக் கைகாட்டி விட்டாங்க. ஊர்ல இருந்து அவ அப்பா வேட்டியில வந்து ஆபீஸ் வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தார், உட்காருங்கன்னு ஒருத்தரும் சொல்லலை. அந்தக் கிழவர் விரலைத் தூக்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. அதையும் பதிவுல எழுதியிருந்தேன். அதுவும் போச்சு.

இப்ப வருவீங்க. "காசு பார்க்க எடுத்த ஹாலிவுட் படம், இதுக்குப் போய் புரட்சியா?" ஆமாங்க, காசுதான். படத்துல பணக்காரக் கூட்டம் இன்னும் தின்னணும்னு வாந்தி எடுக்க மருந்து குடிக்குது. வெளியில அந்தத் தலைநகரம் பேரிலேயே கவர்கேர்ள் கம்பெனி மேக்கப் வித்துச்சு. அசிங்கம்தான், ஒத்துக்கறேன். அதனால கோன் கேன்ல கைதான பிள்ளைங்க கைதாகலைன்னு ஆயிடுமா?

"புரட்சிக்காரங்க எல்லாம் உத்தமர்களா?" படத்தைக் கடைசி வரைக்கும் பார்த்துட்டு வாங்க. பார்த்தவங்க இதைக் கேட்க மாட்டாங்க. ஜெயிச்ச தலைவி காயின், தலைநகரத்துப் பிள்ளைகளை வச்சு அதே விளையாட்டை இன்னொரு தடவை நடத்தலாம்ங்கறா. காட்னிஸ் அம்பு யார் மேல பாயுதுன்னு பார்த்தீங்கல்ல?

"டீன் ஏஜ் பசங்க படம்." இதுக்கெல்லாம் பதில் சொல்றதில்லை.

"விரலைத் தூக்கி என்னத்தக் கிழிச்சாங்க?" இது மட்டும் கொஞ்சம் குத்துது. பிரயுத் 2023 வரைக்கும் பிரதமரா இருந்தார். 2020ல தாய்லாந்துப் பள்ளிப் பிள்ளைங்க கொடியேத்தும்போது வரிசையில நின்னு மூணு விரல் தூக்கினாங்க. 2021 பிப்ரவரியில மியான்மர்ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதும் டாக்டர்களும் நர்ஸுகளும் தூக்கினாங்க. அந்த நாட்டுத் தூதர் சா மோ துன் ஐ.நா. சபையில பேசி முடிச்சுத் தூக்கினார், மறுநாளே பதவியில இருந்து நீக்கிட்டதா ராணுவம் அறிவிச்சுது. ஒரு ஆட்சியும் விரலால கவிழலை. கவிழும்னு நான் எங்கே சொன்னேன்? கிழவரைச் சுட்டுட்டாங்கன்னுதானே எழுதினேன்!

உண்மையில சிரிப்பு ஸ்மைலி போட்டவங்க மேல எனக்குக் கோபமே இல்லை. அவங்களாவது பேர் தெரிய நின்னாங்க. இன்பாக்ஸ்ல வந்து "சரியாத்தான் எழுதியிருக்கீங்க அக்கா, ஆனா க்ரூப்ல எதுக்கு வம்பு"ன்னு சொன்னீங்களே, உங்களைத்தான் தாங்க முடியலை. அதுல ரெண்டு பேர் என் வீட்டுல சாப்பிட்டவங்க. பதிவு போன பிறகு அதே க்ரூப்ல அதே ராத்திரி பிரியாணி போட்டோவுக்கு ஹார்ட் விட்டிருக்கீங்க.

க்ரூப்பை விட்டு நானா போக மாட்டேன். அடுத்த ஞாயிறு மூணாவது படம். வருவேன், பேசுவேன். தூக்கணும்னா தூக்குங்க. இன்பாக்ஸ் மட்டும் வராதீங்க, ப்ளீஸ்.